பாடு எப்படி?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ‘பாடு’ என்றால் மீன் பிடிக்கும் இடம். அந்த இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்ற முறைக்கும் அதே பெயர்தான். வலையில் விழுந்த மீனையும் அப்படியே சொல்வார்கள். கரையேறும் படகைப் பார்த்து “பாடு எப்படி?” என்று ஒருவர் கேட்டால், இன்றைக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார். அதே கரையில் தவக்காலத்தில் கிறிஸ்துவின் பாடுகள் வாசிக்கப்படுகின்றன. அங்கே அந்தச் சொல்லுக்குச் சிலுவையில் பட்ட துன்பம் என்று பொருள். வயிற்றுப்பாட்டுக்காக விடியுமுன் தண்ணீரில் இறங்குகிறவரின் காதில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே சொல்லாகத்தான் விழுகின்றன.

இலக்கணம் கற்றவர்களுக்கு இதில் வியப்பில்லை. பெறு என்பது பேறு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, படு என்னும் வினை முதல் நீண்டு பாடு ஆகிறது. மீன் வலையில் படுகிறது. மனிதர் துன்பம் படுகிறார். பண்படுதலிலிருந்து வந்த பண்பாடு என்ற சொல்லிலும் இதே வேர் இருக்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கையின் வடகரையில் வலைப்பாடு என்று ஓர் ஊரே உண்டு.

வேற்று மொழியும் வேற்றுப் பண்பாடும் கொண்ட மக்களிடம் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கொண்டு செல்லும் ஊழியத்தை ஆராய இந்த ஒரு சொல் நல்ல தொடக்கம். அத்தகைய ஊழியம் எங்கே வேர் பிடித்தது, எங்கே தவறியது என்பதைச் சொற்களே காட்டிக் கொடுக்கின்றன. வந்தவர் கரையில் வழங்கிய சொல்லைக் கற்றாரா, அல்லது தாம் கொண்டு வந்த சொல்லைக் கரையின்மேல் சுமத்தினாரா என்பதே கேள்வி. பழவேற்காட்டில் கடந்த 500 ஆண்டுகளில் இரண்டும் நடந்திருக்கின்றன.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது; தெற்கு முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்தே இறாலும் மடவையும் கொடுவாவும் நண்டும் அமைகின்றன. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் கரையில் அடுப்பு எரிவது குறையும். ஏரிக்குத் தென்மேற்கே, பொன்னேரி வட்டத்தில் காட்டூர் இருக்கிறது. காட்டூரில் ஏரி என்றால் வயலுக்குப் பாயும் நல்ல தண்ணீர். பக்கத்துத் தத்தைமஞ்சி ஏரியும் அப்படியே. அங்கிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் போனால் அதே ஏரி என்ற சொல் உப்புத் தண்ணீரைக் குறிக்கிறது. ஒரே வட்டத்துக்குள் ஒரு சொல்லின் சுவையே மாறிவிடுகிறது. வெளியூரிலிருந்து வருகிற எவருக்கும் இது முதல் பாடம்.

பாட்டு முறையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏரியில் மீன் எங்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. நீரோட்டம் போய் வரும் சில இடங்களில்தான் இறால் நிறைய விழும். அந்த இடங்களுக்கு எல்லாரும் ஒரே நாளில் போனால் சண்டை வரும், ஏரியும் தாங்காது. ஆகவே பட்டினவர் குப்பங்களில் தலைக்கட்டுக் கணக்கு வைத்து, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்தார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் கிடைக்கும். படகும் வலையும் அதிகம் உள்ளவர் என்பதற்காக யாருக்கும் முன்னுரிமை இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் பெரும்பாலோர் கங்கையம்மனையும் எல்லையம்மனையும் கும்பிடுகிற இந்துக்கள். வேதாகமம் அறிந்த ஒருவர் இந்தச் சீட்டைப் பார்த்தால் அவருக்கு அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரம் நினைவுக்கு வரும். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீடர்கள் சீட்டுப் போட்டே தேர்ந்தார்கள். அன்றன்றைய அப்பத்துக்கு மட்டும் மன்றாடக் கற்பித்த ஜெபமும் நினைவுக்கு வரலாம். இவற்றையெல்லாம் கரைக்குக் கற்பிப்பதற்கு முன்னால், கரை ஏற்கெனவே தன் வழியில் இவற்றை அறிந்திருக்கிறது என்பதைக் காணும் கண் வேண்டும்.

ஆனால் பாட்டு முறையை நிழலே இல்லாத ஒளியாகக் காட்டக் கூடாது. பாடு சில குப்பங்களுக்கும் ஒரு சாதிக்கும் மட்டுமே உரியது. ஆதிதிராவிடருக்கும் இருளருக்கும் அதில் பங்கில்லை. அவர்கள் பாடு இல்லாத இடங்களில் வேறு வலை போடுகிறார்கள், அல்லது இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் அடிமண்ணைத் துழாவும் இருளர் பெண்களை இந்தக் கழிமுகப் பகுதிகளில் காணலாம். பாடு கிடையாதவர்களுக்குத்தான் பாடு அதிகம். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் மோதுகிற இடம் இது. நற்செய்தி என்று ஒன்றைக் கொண்டு வருகிறவர் எந்தப் பாட்டின் பக்கம் நிற்கிறார் என்று கரை கவனித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கரைக்குக் கிறிஸ்தவர்கள் முதலில் வணிகர்களாக வந்தார்கள். 1517-ல் மலாக்காவிலிருந்து திரும்பிய தியோகு பெர்னாண்டஸ் முதலான போர்த்துக்கீசியர் சிலர் பழவேற்காட்டில் இறங்கினார்கள். உடன் வந்த ஓர் ஆர்மீனிய வணிகர் அவர்களை மயிலாப்பூருக்கு அழைத்துப் போய்த் தோமா அப்போஸ்தலரின் கல்லறை என்று மதிக்கப்பட்ட இடத்தைக் காட்டினார். அதாவது ஐரோப்பியக் கிறிஸ்தவருக்குத் தமிழ் மண்ணின் கிறிஸ்தவப் புனித இடத்தைக் காட்டியவர் ஓர் ஆசியக் கிறிஸ்தவர். பழவேற்காட்டு மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515-க்குக் கொண்டுபோகிறது சபை மரபு. பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1610-ல் விஜயநகர அரசின் அனுமதி பெற்றார்கள். 1612-ல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினார்கள். 1613-ல் கெல்திரியா கோட்டை எழுந்தது. ஒரே இயேசுவின் பெயரைச் சொல்லும் இரு கூட்டத்தார் மிளகுக்காகவும் துணிக்காகவும் ஒருவரையொருவர் தாக்கியதை இங்குள்ள இந்துக்களும் முஸ்லிம்களும் பார்த்தார்கள். அந்தக் காட்சியும் அவர்கள் கேட்ட ஒரு பிரசங்கமே.

சொல் தவறிய கதை ஒன்றைத் தெற்கே முத்துக்குளித்துறையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் அங்கே வந்தார். தமிழ் அறிந்த சிலரைக் கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கடற்கரைச் சிறுவர்களுக்கு ஓதுவித்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற பொருள்படும் சொல் புகுந்திருந்தது. 1544-ல் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்தும்படி சவேரியாரே சொன்னார். அதுவரை பரதவர் சிறுவர்கள் கடவுளை நம்புவதாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கடவுள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இலக்கணப்படி அது பிழைதான். ஆனாலும் அந்தச் சிறுவர்களின் குரலை ஆண்டவர் தள்ளியிருப்பார் என்று எண்ண இடமில்லை. சவேரியாரின் பெருமை அந்தப் பிழையை மறைக்காமல் கடிதத்தில் எழுதித் திருத்தியதில் இருக்கிறது. அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய சிறு நூலுக்குத் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பெயர். தம்பிரான் என்ற சொல் ஏற்கெனவே இந்த மண்ணில் வணக்கத்துக்குரியவரைக் குறித்து வழங்கி வந்தது.

கடவுளை என்ன சொல்லி அழைப்பது என்ற கேள்விக்கு விடை காணத் தமிழ்க் கிறிஸ்தவம் ஏறக்குறைய 400 ஆண்டு எடுத்துக்கொண்டது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொல் மாறி மாறி வந்தது. வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர்களில் சீகன்பால்க் சர்வேசுரன் என்றார். பப்ரீசியஸ் பராபரன் என்றார். 19-ஆம் நூற்றாண்டில் பவர் தலைமையில் வந்த ஐக்கியத் திருப்புதல் தேவன் என்றது. ஒவ்வொரு சொல்லும் சைவரிடமிருந்தோ வைணவரிடமிருந்தோ வடமொழியிடமிருந்தோ கடனாக வந்ததுதான். கடன் வாங்கியதை ஒப்புக்கொள்வதில் கிறிஸ்தவத்துக்கு இழப்பு ஏதும் இல்லை. திருச்சபை அதை இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பழவேற்காட்டுக்கே உரிய பெரிய எடுத்துக்காட்டு ஆபிரகாம் ரோஜேரியுஸ். லெய்டனில் இறையியல் கற்ற இந்தக் குரு டச்சுக் கம்பெனியின் ஊழியராக வந்து, 1632-ஐ ஒட்டித் தொடங்கி 1642 வரை பழவேற்காட்டுக் கோட்டையில் குருவாக இருந்தார். கோட்டைக்குள் இருந்தவர்களுக்குப் பிரசங்கிப்பதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் அடக்கம் செய்வதும் அவருடைய வேலை. அடக்கத்துக்கு அங்கே குறைவே இல்லை. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சாவு எவ்வளவு அருகில் இருந்தது என்பதை வாயிலே சொல்கிறது. இந்த வேலைகளோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ரோஜேரியுசின் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் கோட்டை வாயிலுக்கு வெளியே இருந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்.

பழவேற்காட்டில் பத்மநாபன் என்ற பிராமணர் ஒருவர் அடைக்கலம் புகுந்திருந்தார். ரோஜேரியுசுக்கும் அவருக்கும் பொதுவான மொழி போர்த்துக்கீசியம். அது இருவருக்கும் தாய்மொழி இல்லை, துறைமுகத்தில் வணிகருக்குள் வழங்கிய மொழி. டச்சுக் குரு ஒருவரும் தமிழகக் கடற்கரையில் ஒதுங்கிய பிராமணர் ஒருவரும், டச்சுக்காரருக்கு எதிரியாக இருந்தவர்களின் மொழியில் உட்கார்ந்து பேசினார்கள். பிறப்பு, பூணூல், திருமணம், சாவுச் சடங்கு, நாள் கோள், கோயில், மறுபிறப்பு என்று ஒவ்வொன்றாக ரோஜேரியுஸ் கேட்டார், பத்மநாபன் சொன்னார். பர்த்ருஹரியின் நீதிச் செய்யுள்களையும் துறவுச் செய்யுள்களையும் பத்மநாபன் பொருள் சொல்ல, ரோஜேரியுஸ் டச்சு மொழியில் எழுதிக்கொண்டார். மூன்றாவதான காதல் செய்யுள்களை மட்டும் பத்மநாபன் சொல்லவில்லை. எதைக் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்ற உரிமை சொல்லிக் கொடுக்கிறவரிடமே இருந்தது. குரு அதை ஏற்றுக்கொண்டார். இந்த ஒரு செய்தியில் அவர்களுக்குள் இருந்த உறவின் தன்மை முழுவதும் தெரிகிறது.

ரோஜேரியுஸ் 1642-ல் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) பிறகு தாய்நாட்டுக்கும் போய் 1649-ல் இறந்தார். 1651-ல் லெய்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்பது அதன் தலைப்பின் பொருள். 1663-ல் ஜெர்மன் மொழியிலும் 1670-ல் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது. வடமொழி இலக்கியம் ஓர் ஐரோப்பிய மொழியில் நூலாக அச்சேறியது ஏறக்குறைய அதுவே முதல் தடவை. கல்கத்தாவில் ஆங்கிலேய அறிஞர்கள் வடமொழி கற்கத் தொடங்குவதற்கு 100 ஆண்டுக்கு மேல் முன்பே, பழவேற்காட்டுத் திண்ணைப் பேச்சு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹெர்டர் என்ற ஜெர்மன் அறிஞர் பர்த்ருஹரியின் செய்யுள்களைத் தம் மொழியில் தந்தபோது, ரோஜேரியுஸ் நூலின் ஜெர்மன் பெயர்ப்பையே பயன்படுத்தினார்.

புறச்சமயம் என்ற சொல் அந்தத் தலைப்பில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ரோஜேரியுஸ் தம் காலத்துச் சீர்திருத்தச் சபைக் குருதான். இந்து சமயத்தை மீட்பின் வழியாக அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அவருடைய நூலில் ஏளனம் மிகக் குறைவு. கேட்டதைக் கேட்டபடி எழுதினார், சொன்னவரின் பெயரையும் எழுதினார். அந்தக் காலத்தில் உதவிய இந்தியரின் பெயரைச் சொல்லும் பழக்கம் அரிது. 370 ஆண்டுக்குப் பின்னும் பத்மநாபன் என்ற பெயர் நமக்குத் தெரிவது ஒரு குருவின் நேர்மையால்தான். பிறர் சமயத்தைப் பற்றிப் பொய் சொல்லாதிருப்பதும் பத்துக் கட்டளைகளில் ஒன்றைக் கைக்கொள்வதே. பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளை வழக்கு மன்றத்துக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

அதே கோட்டையின் இன்னொரு பக்கம் கனமானது. கெல்திரியாவின் துறையிலிருந்து துணி மட்டும் ஏற்றப்படவில்லை, மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1620-களின் தொடக்கத்திலும் 1640-களின் நடுவிலும் சோழமண்டலக் கரையைப் பஞ்சமும் போரும் வாட்டியபோது, பசியில் பிள்ளைகளை விற்றவர்களும் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் ஆயிரக்கணக்கில் கம்பெனிக் கப்பல்களில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குப் போனார்கள். பத்தாவியாவில் மார்டைக்கர் என்று அழைக்கப்பட்ட, போர்த்துக்கீசியம் பேசிய விடுதலை பெற்ற அடிமைகளின் சமூகம் ஒன்று இருந்தது. அவர்களில் பலருடைய முன்னோர் சோழமண்டலத்தையும் வங்கத்தையும் சேர்ந்தவர்கள். கோட்டைக்குள் ஞாயிறுதோறும் வேதம் வாசிக்கப்பட்டது. அதே மதிலுக்கு வெளியே மனிதர்கள் எண்ணிக் கப்பலேற்றப்பட்டார்கள். எகிப்தின் அடிமை வீட்டிலிருந்து ஒரு மக்களைக் கடவுள் மீட்டதாகச் சொல்லும் நூலை வைத்துக்கொண்டு இது நடந்தது. பழவேற்காட்டுக் கிறிஸ்தவ வரலாற்றைச் சொல்கிறவர்கள் ஆலயத்தின் ஆண்டையும் கல்லறைச் சிற்பத்தின் அழகையும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. விடக் கூடாது. மனந்திரும்புதல் என்ற சொல்லைப் பிறருக்குப் பிரசங்கிக்கிற சபைக்கு அந்தச் சொல்லை முதலில் தன்மேல் பயன்படுத்தும் கடமை உண்டு.

தரங்கம்பாடியில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் பழகினார். தமிழர்களிடம் கேள்விகளைக் கொடுத்து அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். அவற்றில் 99 கடிதங்கள் ஹாலே நகரில் அச்சாயின. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி முடித்த நூலை அச்சிட அவரை அனுப்பியவர்கள் விரும்பவில்லை. புறச்சமயத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர அதை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர்களில் ஒருவரான பிராங்கேயின் கருத்து. 1867-ல்தான் அந்த நூல் சென்னையில் வெளிவந்தது. அருகில் இருந்து பார்த்தவர் மதிப்போடு எழுதினார், தொலைவில் இருந்தவர்கள் தடுத்தார்கள். பணம் தருகிற இடத்துக்கும் வேலை நடக்கிற இடத்துக்கும் இடையே உள்ள இந்த இழுபறி இன்றும் ஊழியங்களில் தீரவில்லை.

தமிழ் வேதாகமத்துக்குள்ளேயே பழவேற்காட்டுக்குப் பொருந்துகிற ஒரு சொல் இருக்கிறது. சீமோன் பேதுரு வலை போட்ட கெனேசரேத்து உண்மையில் நல்ல தண்ணீர் ஏரி. சுவிசேஷகர்களில் லூக்கா மட்டுமே அதைக் கிரேக்கத்தில் ஏரி என்ற சொல்லால் குறிக்கிறார். மத்தேயுவும் மாற்குவும் கடல் என்கிறார்கள். தமிழில் சீர்திருத்தச் சபைகள் வாசிக்கும் பழைய பெயர்ப்பில் லூக்காவிலும் கடல் என்றே இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஏரி வந்துவிட்டது. தென்கோடிக் கடற்கரையில் கடல் என்று வாசித்தால் கட்டுமரம் ஏறுகிறவருக்கு அலை தெரியும். காட்டூரில் ஏரி என்று வாசித்தால் மதகும் கரையும் தெரியும். பழவேற்காட்டில் இரண்டுமே பொருந்தும். அங்கே நீர் பாதி ஏரி, பாதி கடல். கலிலேயாவில் இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாமல், விடிந்தபின் கரையில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களின் களைப்பைப் பழவேற்காட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே விளக்கம் தேவைப்படுவது பிரசங்கிக்கு. வலை காலியாக இருக்கும் நாளில் வீட்டில் என்ன சமைக்கப்படும், வட்டிக்கு யாரிடம் வாங்கப்படும் என்பதை அவர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அயல் ஊழியம் என்றதும் வெள்ளைக்காரர் தமிழ்நாட்டுக்கு வந்ததையே நினைப்பது பழகிவிட்டது. தமிழர்கள் பிற மொழியினரிடம் போன கதை அதற்கு இணையான எடையுள்ளது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதற்குக் காரணமானவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வே. ச. அசரியா. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தமிழ்ச் சபைகளே நடத்த வேண்டும் என்பது திட்டம். அதற்குச் சமையலறையிலிருந்து பணம் வந்தது. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்தார்கள். பிடியரிசி என்று அதற்குப் பெயர். சபையில் அதைச் சேர்த்து விற்ற காசில் தெலுங்கு நாட்டில் ஒரு ஊழியரின் சம்பளம் நடந்தது. திருநெல்வேலிப் பெண்கள் அந்த ஊழியம் நடந்த தோர்ணக்கல்லைக் கண்ணால் கண்டதில்லை. அந்த ஒரு பிடியைக் குறைத்துப் பொங்கிய உலையில்தான் அவர்களுடைய ஊழியம் நடந்தது. நூல்களில் இவர்களுடைய பெயர்கள் இல்லை. ஊழிய வரலாற்றில் அசரியாவுக்கு அடுத்த பக்கம் இவர்களுக்கு உரியது.

அசரியா 1909-ல் தோர்ணக்கல்லுக்கே குடியேறினார். தெலுங்கைக் கற்றார். மாலா, மாதிகா மக்களின் சேரிகளில் நடந்து நடந்து வேலை செய்தார். அதற்கு அடுத்த ஆண்டு எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், வெளிநாட்டு ஊழியர்கள் உழைப்பையும் உடைமையையும் தந்தாலும் இந்தியருக்கு நட்பைத் தரவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். அவையில் பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். 1939-ல் அர்ப்பணிக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயிலின் தூணும் மசூதியின் கும்மட்டமும் சேர்ந்து நிற்கின்றன. எடின்பரோவில் அவர் பிறரிடம் கேட்டதைத் தெலுங்கு மக்களுக்கு அவரே கொடுக்க வேண்டியிருந்தது. நாடார் குடும்பத்தில் பிறந்த தமிழர் மாதிகா வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கடல் கடப்பதைவிட அந்த வாசலைக் கடப்பது கடினம் என்பதைச் சாதியை அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

பழவேற்காட்டு ஏரி தமிழும் தெலுங்கும் சந்திக்கும் எல்லை. இங்கே ஊழியத்துக்கு வருகிற இளைஞர் தாம்பரத்திலிருந்து வந்தாலும் நாகர்கோவிலிலிருந்து வந்தாலும் அயல்நாட்டுக்கு வந்தவரே. அவர் தமிழ் பேசுவார், ஆனால் கரையின் தமிழ் அவருக்குத் தெரியாது. கொண்டல் எப்போது அடிக்கும், வாடை எப்போது திரும்பும், முகத்துவாரம் எந்த மாதம் அடைக்கும் என்று தெரியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுகலம் புறப்படும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு ஒரு குடும்பத்தின் அன்றைய கூலியை என்ன செய்யும் என்று தெரியாது. பட்டினவர் பஞ்சாயத்தில் எங்கே நிற்பது, மரைக்காயர் தெருவில் எப்படி வணக்கம் சொல்வது, இருளர் குடிசையில் கொடுத்த தண்ணீரை மறுத்தால் அது என்ன பொருள்படும் என்று தெரியாது. இவை எல்லாம் வேதபாடக் கல்லூரியில் இல்லாத பாடங்கள். சொல்லிக் கொடுக்கப் பத்மநாபன்கள் இன்றும் கரையில் இருக்கிறார்கள். கேட்கிறவர் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் குப்பங்களையும் தாக்கியது. கிறிஸ்மசுக்கு மறுநாள் அது. அதன்பின் தமிழகக் கரையெங்கும் படகும் வலையும் வீடும் கொடுத்தவர்களில் திருச்சபைகளும் இருந்தன. அந்த உதவியை மதம் பார்க்காமல் கொடுத்தவர்கள் சுவிசேஷத்துக்கு உண்மையாக நடந்தார்கள். பசித்தவரின் முன் ஒரு கையில் படகையும் மறு கையில் நிபந்தனையையும் நீட்டுவது ஊழியம் ஆகாது. யோவான் சுவிசேஷத்தின் ஐயாயிரம் பேர் உண்ட கதையில், அப்பம் சாப்பிட்டவர்களில் பலர் மறுநாள் போதனையைக் கேட்டு விலகிப் போனார்கள். அவர்கள் தின்ற அப்பத்தை இயேசு திரும்பக் கேட்கவில்லை.

யோவான் எழுதிய அதே சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம் ஒரு விடியற்காலையில் நடக்கிறது. இரவெல்லாம் ஒன்றும் படாத படகில் ஏழு பேர். கரையில் உயிர்த்தெழுந்தவர் நிற்கிறார், அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் தாம் யார் என்று சொல்லவில்லை, உயிர்த்தெழுதலை விளக்கவும் இல்லை. சாப்பிட ஏதாவது அகப்பட்டதா என்று கேட்கிறார். பழவேற்காட்டுத் தமிழில் சொன்னால், பாடு எப்படி என்று கேட்கிறார். அவர்கள் இல்லை என்கிறார்கள். பிறகு வலை நிறைகிறது. கரையேறிப் பார்த்தால் கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. கைகளில் ஆணிப்பாடு உள்ளவர் அந்தக் கைகளாலேயே மீன் சுட்டுப் பரிமாறுகிறார். பேதுருவிடம் ஆடுகளை ஒப்படைக்கும் பேச்சு அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகே வருகிறது.

காட்டூருக்கோ பழவேற்காட்டுக்கோ ஊழியம் என்று வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான். முதல் ஆண்டு பிரசங்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கரைக்குப் போங்கள். படகு வரும்போது பாடு எப்படி என்று கேளுங்கள். பறியோடு தண்ணீரிலிருந்து ஏறும் இருளர் அம்மாவிடமும் அதையே கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.